தெகாவின் பருத்தி அலுவலகம்: இயல்பான உருவப்படம் எதைக் காட்டுகிறது?

பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகா 1873இல் தீட்டிய நியூ ஆர்லியன்ஸ் பருத்தி அலுவலக ஓவியத்தைத் தற்செயலாக எடுத்த நிழற்படத்தோடு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. காலத்தைக் கணக்கிட்டாலே இந்த ஒப்பீடு நிற்காது. ஈரக் கண்ணாடித் தகட்டில் படமெடுத்த அந்நாளில், அறைக்குள் இருப்பவர்கள் பல நொடிகள் அசையாதிருக்க வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் கோடாக் கேமரா 1888இல்தான் விற்பனைக்கு வந்தது. தெகா நிழற்படக் கலையில் தீவிரமாக இறங்கியது 1895 வாக்கில். அப்படியானால் அந்த ஓவியத்தின் இயல்பு எங்கிருந்து வந்தது? ஒவ்வொருவருக்கும் அந்த இடத்தோடு இருந்த உறவை உடலின் இருப்பிலேயே தெகா காட்டியதிலிருந்து வந்தது என்பது என் வாதம்.

ஓவியத்தில் 14 ஆண்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவர் தெகாவின் தாய்மாமன் மிஷெல் முஸ்ஸோன், பருத்தித் தரகர். மூக்குக்கண்ணாடியும் உயரத் தொப்பியுமாக, இரு கை விரல்களாலும் பஞ்சைப் பிரித்து இழையின் தரம் பார்க்கிறார். அவர் முகத்தைவிட அந்த விரல்கள்தாம் அவரை நமக்கு அறிமுகம் செய்கின்றன. வலப்பக்கம் கணக்கர் லிவோடே பேரேட்டில் குனிந்திருக்கிறார். நடுவில் தெகாவின் தம்பி ரெனே காலை நீட்டிச் செய்தித்தாள் படிக்கிறார். இன்னொரு தம்பி அஷில் இடப்பக்கம் சன்னல் விளிம்பில் சாய்ந்து நிற்கிறார். இருவரும் மாமனின் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்களுடையது ஒயின் இறக்குமதி. அங்கே வேலையில்லாதவர்கள் என்பதால்தான் அவர்கள் உடலில் அத்தனை ஓய்வு. இந்த நுட்பம் எந்த நொடியிலும் தானாக அமைந்துவிடாது.

இதை உறுதிசெய்யும் செய்தி ஒன்று உண்டு. முஸ்ஸோனின் கூட்டு நிறுவனம் 1873 பிப்ரவரி 1 அன்று கலைக்கப்பட்டது. தெகா இந்த ஓவியத்தைப் பற்றி நண்பர் திஸ்ஸோவுக்கு எழுதியது பிப்ரவரி 18இல். நொடித்துப்போன நிறுவனம் ஓவியத்தில் மும்முரமாக இயங்குகிறது. கண்முன் நடந்ததை அப்படியே பதிவுசெய்தார் என்று இதைச் சொல்ல முடியாது. பார்த்துப் பழகிய உடல்களை, பழகிய வேலைகளோடு சேர்த்து அடுக்கிய படைப்பு இது. மனிதரை அவர் புழங்கும் அறையிலிருந்து பிரிக்கக் கூடாது, முதுகேகூட ஒருவரின் வயதையும் நிலையையும் சொல்லிவிடும் என்று கலை விமர்சகர் தியுராந்தி வாதிட்ட நூல் 1876இல் வந்தது. அதே ஆண்டில்தான் இந்த ஓவியமும் இம்ப்ரெஷனிஸ்டுகளின் இரண்டாம் கண்காட்சியில் வைக்கப்பட்டது.

ஆனால் சூழலோடு வரையும் முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. அது அறைச் சுவரோடு முடிந்துவிடுகிறது. அந்த அலுவலகம் இருந்த லூசியானாவில் அடிமைமுறை ஒழிந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. மேசைமீது குவிந்துகிடக்கும் பஞ்சைப் பறித்தெடுத்த கறுப்பினத் தொழிலாளர் ஒருவர்கூட ஓவியத்தில் இல்லை. இத்தனைக்கும் தெகாவின் தாய்வழி உறவினரும் சர்க்கரை ஆலைக் கொதிகலன் முறையை மாற்றியமைத்தவருமான நோர்பெர் ரில்லியூ, கறுப்பின வழிவந்தவர். பருத்தியின் பாதையைத் தெகா அறியாதவரும் அல்லர். இந்த ஓவியத்தை மான்செஸ்டர் நூற்பாலை முதலாளி ஒருவருக்கு விற்க நினைத்திருந்தார். அந்த விற்பனை நடக்கவில்லை. 1878இல் பிரான்சின் போ நகர அருங்காட்சியகம் வாங்கியது.

அந்நாளைய நியூ ஆர்லியன்ஸ் வாழ்க்கைக்குச் சான்றாக இதை வகுப்பில் காட்டும் ஆசிரியர்கள், இது தரகர் அலுவலகம் ஒன்றின் சான்று மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.