கோவை மேற்கு, கோவை கிழக்கு: மறைந்துபோன இரண்டு தொகுதிகள்

கோவை மாநகரில் 1967 முதல் இருந்துவந்த கோவை மேற்கு, கோவை கிழக்கு என்ற சட்டமன்றத் தொகுதிகள் இன்று இல்லை. அவை சந்தித்த கடைசிப் பொதுத்தேர்தல் 2006-ல் நடந்தது. அதில் மேற்கில் அதிமுகவின் தா.மலரவனும், கிழக்கில் திமுகவின் பொங்கலூர் நா.பழனிசாமியும் வென்றார்கள்.

2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் தொகுதிகளை மறுவரையறை செய்தது. 2008-ல் நடைமுறைக்கு வந்த அந்த ஆணைப்படி மேற்கும் கிழக்கும் நீக்கப்பட்டு, கோவை வடக்கு, கோவை தெற்கு என்ற புதிய தொகுதிகள் உருவாயின. தமிழகத்தின் மொத்தத் தொகுதிகள் 234 என்பதில் மாற்றமில்லை; எல்லைக்கோடுகள்தான் நகர்ந்தன. 2011-ல் புதிய தொகுதிகளுக்கு முதல் தேர்தல் நடந்தது.

நம் சமுதாயம் இதை ஏன் அறிந்திருக்க வேண்டும்? ஆங்கிலேயர் காலத்தில் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி முறை இருந்தது. 1937-ல் சென்னை மாகாண சட்டமன்றத்தின் 215 இடங்களில் 28 முஸ்லிம்களுக்கானவை. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் அம்முறையை ஏற்கவில்லை. 1952 முதல் எல்லோருக்கும் பொதுத்தொகுதிதான். எனவே ஒரு மஹல்லா முழுவதும் ஒரே தொகுதியில் இருக்கிறதா, இரண்டாகப் பிரிகிறதா என்பதைப் பொறுத்தே அதன் வாக்குகளின் வலிமை அமைகிறது.

அந்த வலிமைக்குக் கோவை தெற்கே சான்று. கோட்டைமேடு உள்ளிட்ட முஸ்லிம்கள் நிறைந்த பகுதிகள் இத்தொகுதியில்தான் உள்ளன. 2021-ல் இங்கு பாஜகவின் வானதி சீனிவாசன் கமல்ஹாசனை வென்றது வெறும் 1,728 வாக்குகளில். சில தெருக்களின் வாக்குகள் முடிவையே மாற்றக்கூடிய வித்தியாசம் இது.

தொகுதிகளின் எண்ணிக்கையை 2026-க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை மாற்றக்கூடாது என்று 2001-ல் வந்த 84-வது அரசியல் சட்டத் திருத்தம் வரையறுத்தது. மறுவரையறையின்போது ஆணையம் வரைவை வெளியிட்டு, பொதுமக்களின் ஆட்சேபனைகளையும் கேட்கும். ஜமாஅத் நிர்வாகிகள் தெரு வாரியான விவரங்களுடன் அப்போது மனு கொடுக்கலாம். ஆணை வெளியான பிறகு வருந்திப் பயனில்லை.

அதுவரை ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் 18 வயது நிறைந்த அனைவரின் பெயரும், குறிப்பாகத் திருமணமாகி ஊர் மாறி வந்த பெண்களின் பெயரும், பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். புதிதாகச் சேர்க்க படிவம் 6, முகவரி மாற்ற படிவம் 8. வாக்களிப்பதை ஒரு சாட்சியமாகவே மார்க்க அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவரால் அந்தச் சாட்சியத்தைச் சொல்ல முடியாது.