மண்வள அட்டையின் ஒரு வரி: திருச்சிக் களர் நிலங்களில் கரிமக் கணக்கு

தமிழக விளைநிலங்களில் கரிமச்சத்து குறைவு. ஆகவே சேர்த்துவைக்க இடம் அதிகம். ஆகவே உழவருக்கு அதில் வருமானமும் உண்டு. வேளாண் ஆய்வாளர்களில் ஒரு சாரார் இந்த மூன்று படிகளையும் ஒரே தாவலில் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் காலூன்றும் முதல் படி மண்வள அட்டை. 2015 பிப்ரவரியில் தொடங்கிய அத்திட்டம் தரும் 12 அளவீடுகளில் கரிமச்சத்தும் ஒன்று. அந்தச் சதவீதத்தை எக்டேருக்கு இத்தனை டன் என்று மாற்றி, கூட்டி, கரிமச் சந்தை விலையால் பெருக்கிவிட்டால் வருமானம் தயார். எடமலைப்பட்டி புதூரைத் தாண்டினால் மணிகண்டம், நவலூர் குட்டப்பட்டுப் பகுதிகளில் ஆங்காங்கே விரவிக் கிடக்கும் களர் நிலங்களை வைத்துப் பார்த்தால் முதல் படியே ஆட்டம் காண்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அட்டைக்கு மண் எடுக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். பாசன நிலமென்றால் 2.5 எக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியென்றால் 10 எக்டேருக்கு ஒன்று. மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி வாளியில் போடுகிறார்கள். பல இடத்து மண்ணையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவருகிறார்கள். உரப் பரிந்துரைக்கு இது தாராளம். அதற்காக வகுத்த முறைதான் இது. ஆனால் வாளிக்கு வந்த மண் வயலில் எவ்வளவு இடத்தை அடைத்திருந்தது என்ற விவரம் குழியோடு போய்விடுகிறது. பரும அடர்த்தி எனும் அந்த விவரம் இல்லாமல் சதவீதம் டன்னாக மாறாது. அதை அறிய உலோக வளையத்தை மண்ணில் இறக்கி, உள்ளே நிற்கும் மண்ணை உலர்த்தி எடைபோட வேண்டும். அட்டையில் அதற்கு இடமில்லை. ஆகவே ஆய்வாளர்கள் ஒரு சராசரியைப் போட்டுக்கொள்கிறார்கள்.

வண்டல் நிலத்தில் சராசரி ஓரளவு ஒத்துவரலாம். களரில் வராது. சோடியம் மிகுந்த மண் ஈரத்தில் குழம்பாகிக் காய்ந்ததும் இறுகிக் கெட்டித்துப்போகும். ஜிப்சம் இட்டு, நீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் சோடியம் விலகி மண் பொலபொலப்பாகிறது. அதாவது, களரைத் திருத்தியதற்கு அடையாளமே பரும அடர்த்தி குறைவதுதான். எதை மாற்ற உழவர் பாடுபடுகிறாரோ, அதையே மாறாதது என்று வைத்துத்தான் இந்தக் கணக்குகள் போடப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு, எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. திருத்தும் முன் கரிமம் 0.50 சதவீதம், அடர்த்தி கன செ.மீ.க்கு 1.60 கிராம். எக்டேருக்கு 15 செ.மீ. ஆழத்தில் 2,400 டன் மண், அதில் 12 டன் கரிமம். சில ஆண்டுகளில் கரிமம் 0.55 சதவீதம், அடர்த்தி 1.45. அட்டையை மட்டும் பார்த்து, அடர்த்தியை மாற்றாமல் பெருக்கினால் 1.2 டன் லாபம். அளந்த அடர்த்தியைப் போட்டாலோ அதே ஆழத்தில் இப்போது 2,175 டன் மண்தான், கரிமம் 11.96 டன். சிறு நஷ்டமே! இதைக் கண்டதும் சேமிப்பே நடக்கவில்லை என்று முடிவுகட்டுவதும் அவசரம். மண் உப்பியதால் முன்பு 15 செ.மீ.க்குள் இருந்ததில் ஒரு பகுதி இப்போது அதற்குக் கீழே இருக்கிறது. ஒப்பிட வேண்டியது ஒரே ஆழத்தை அல்ல, ஒரே எடை மண்ணை. விடுபட்ட 225 டன்னில் 0.40 சதவீதம் கரிமம் என்று கொண்டால் 0.9 டன் சேர்ந்து மொத்தம் 12.86 டன். ஒரே வயலுக்கு மூன்று விடைகள். மூன்றாவதே சரி என்பதில் ஐயமில்லை. ஆனால் அட்டையைக் கொண்டு அதை எட்ட வழியே இல்லை.

ஆய்வகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 1934இல் வெளியான வாக்லி–பிளாக் முறை டைகுரோமேட்டைக் கொண்டு கரிமத்தை அளக்கிறது. மண்ணில் குளோரைடு இருந்தால் அதுவும் டைகுரோமேட்டைத் தின்று, கரிமம்போல் கணக்கில் ஏறிவிடும். தனிக் களரில் இது சிறிது. உவரும் சேர்ந்த நிலத்தில் பெரிது. உப்பு வடிந்த வயலில் கரிமம் குறைந்ததாகத் தோன்றினால் வியப்பதற்கில்லை. மாதிரியே வேண்டாம், செயற்கைக்கோள் படமும் கணினி மாதிரியமும் போதும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. அவற்றைச் சரிபார்க்கவும் மண் தோண்டியே ஆக வேண்டும்.

கோவையில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல்களையும் அடிக்கடி சான்று காட்டுகிறார்கள். தொழுவுரம் பெற்ற பாத்திகளில் கரிமம் கூடுதல் என்பது மறுக்க முடியாதது. ஆனால் அந்தத் தொழுவுரம் வேறொரு நிலத்தின் வைக்கோலிலும் புல்லிலும் இருந்து வந்தது. பரிந்துரைப்படி எக்டேருக்கு 12.5 டன் இடுவதற்கு மாடு எங்கே என்று மணிகண்டத்து உழவர் கேட்டால் யாரிடம் பதில் இருக்கிறது?

இனிப் பணம். 2015 பாரிஸ் மாநாட்டை ஒட்டி பிரான்ஸ் முன்வைத்த, மண் கரிமத்தை ஆண்டுதோறும் ஆயிரத்தில் நான்கு பங்கு கூட்டும் 'ஆயிரத்துக்கு நான்கு' இலக்கை மேற்சொன்ன 12 டன்னுக்குப் பொருத்தினால் ஆண்டுக்கு 48 கிலோ கரிமம். கரியமில வாயுவாக 176 கிலோ. ஏக்கருக்கு ஏறத்தாழ 71 கிலோ. டன்னுக்கு 1,000 ரூபாய் கிடைக்கும் என்றே வைத்தாலும் ஏக்கருக்கு 71 ரூபாய். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. திருத்தப்படும் களரின் வாய்ப்பு இதைவிடப் பெரிதுதான்: 0.86 டன் கரிமம் என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,280 ரூபாய். அதுவும் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரே முறை. மண் பரிசோதனை, சரிபார்ப்பு, இடைத்தரகு ஆகியவற்றைக் கழிக்கும் முன்.

நெல் வயலில் மீத்தேனையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தெற்காசியாவுக்கு ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2019இல் தந்த அளவு நாளொன்றுக்கு எக்டேருக்கு 0.85 கிலோ. 110 நாள் பயிருக்கு ஏறத்தாழ 94 கிலோ. கரியமில வாயுவைப்போல் மீத்தேன் 28 மடங்கு வெப்பமூட்டுவது என்பதால், இதில் 7 சதவீதம் கூடினாலே 176 கிலோ சேமிப்பு கரைந்துவிடும். தேங்கிய நீரில் தக்கைப்பூண்டை மடக்கினால் மீத்தேன் கூடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் குறையும். ஆனால் களர் திருத்தத்துக்கோ நீரைத் தேக்கி வடிக்க வேண்டியிருக்கிறது, இடையில் காயவிட்டால் உப்பு மேலேறும் அச்சமும் உண்டு. இரண்டு நோக்கமும் இங்கே நேருக்கு நேர் முட்டுகின்றன.

சேர்த்த கரிமம் நிலைக்குமா என்பதும் திருச்சியில் ஏட்டுக் கேள்வி அல்ல. பஞ்சப்பூரில் 2025இல் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள வயல்கள் இருபது ஆண்டு வயலாகவே இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்கத் துணிவார்களா? கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவரோ கரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே முடியாத நிலையில் இருக்கிறார்.

இதனால் களரைத் திருத்துவது வீண் என்று ஆகாது. நவலூர் குட்டப்பட்டு அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியிலிருந்து வந்த திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்களும் ஜிப்சமும் தக்கைப்பூண்டும் விளைச்சலாலேயே தம் செலவை நியாயப்படுத்த வேண்டியவை. கரிமம் அதன் உபரி. வேளாண் துறைக்கான தன்னார்வக் கரிமச் சந்தைக் கட்டமைப்பை மத்திய அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்டுவிட்டது. ஒப்பந்தத் தாள்களும் ஊருக்குள் வரும். 30 செ.மீ. வரை வளையம் இறக்கி அடர்த்தி அளக்காத எந்த ஒப்பந்தத்திலும், அளக்கும் செலவை உழவர் தலையில் கட்டும் எந்த ஒப்பந்தத்திலும் களர் நில உழவர்கள் கையெழுத்திட வேண்டாம்.