பேரி மரம் காணாத கரையிலே



சிலாபத்துக்கு வடக்கே ஒரு கடலோரக் கிராமம். கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னைக் கண்டதும் கேட்டார்: "மாஸ்டர், எங்க பேரு பெரேரா. பேரனை 'நீ வெள்ளைக்காரன் வழி'ன்னு பள்ளிக்கூடத்தில பகிடி பண்றாங்களாம். அது உண்மையா?"

அன்று அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

போர்த்துக்கேய மொழியில் பெரெய்ரா என்றால் பேரி மரம். பேரிக்காயைக் குறிக்கும் 'பிரும்' என்ற இலத்தீன் சொல்லே அதன் வேர். பேரி மரங்கள் நின்ற ஊர்கள் அப்பெயர் பெற்றன. அவ்வூரார் அதைத் தம் பெயரோடு கொண்டனர். சில்வா என்பதும் அவ்வாறே. இலத்தீனில் அது காடு. ஓசையில் நெருங்கி நிற்கும் பீரிஸ் மட்டும் மரமன்று. பாறை எனப் பொருள்படும் பேதுருவின் பெயர்வழி வந்தது.

ஊருக்கு மரப்பெயர் இடுவது நமக்கும் புதிதல்ல. கற்பிட்டிக் குடாநாட்டிலே ஆலங்குடாவில் ஆலும் நுரைச்சோலையில் சோலையும் இருக்கின்றன அல்லவா?

1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் 1658இல் முற்றாக வெளியேறினர். அவர்கள் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு ஞானத்தந்தையின் குடும்பப்பெயரோ, குருவானவர் இட்ட பெயரோ வழங்கலாயிற்று. ஆகவே அப்பெயரை மட்டும் வைத்து இரத்த உறவை நிறுவ முடியாது. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த வேளையில், 1687இல் இரகசியமாக இங்கு வந்து, 1690இல் புத்தளத்தில் பணியாற்றிய யோசேப் வாஸ் அடிகளையே பாருங்கள். வாஸ் போர்த்துக்கேயப் பெயர். அவரோ கோவாவின் கொங்கணிக் குடும்பத்தவர். 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இவ்வழக்கம் நம் கரையோடு நின்றதுமல்ல. போலந்து நாட்டார் டிசம்பர் 31ஆம் நாளிரவை 'சில்வெஸ்தர்' என்கிறார்கள். 335இல் மறைந்த பாப்பரசர் சில்வெஸ்தரின் திருநாள் அது. அப்பெயருக்கும் மூலம் நம் சில்வாவின் காடுதான். போலந்திலும் செக் நாட்டிலும் பிள்ளைகளுக்கு அப்பெயர் இடப்படுகிறது. அதனால் அவர்களை உரோமர் வழி என்று யாரும் சொல்வதில்லை.

எல்லாவற்றையும் கேட்ட முதியவர், "பேரி மரத்தை நான் கண்டதேயில்லையே" என்றார்.

"மரம் வராவிட்டாலும் சொல் வந்துவிட்டது. சிங்களத்தில் கொய்யாவை என்ன சொல்வீர்கள்?" என்றேன்.

"பேர."

"பேரிக்காய்க்குப் போர்த்துக்கேயர் வழங்கிய சொல்தான் அது. இங்கே கொய்யாவுக்கு ஆகிவிட்டது."

முதியவர் வலையைக் கீழே வைத்தார். "அப்போ எங்க வளவில நிக்கிற கொய்யா மரத்துக்கும் எங்களுக்கும் ஒரே பேரா?"

"ஆம்" என்றேன்.

"அந்த மரத்தை யாரும் வெளிநாட்டு மரம்னு சொல்றதில்லையே" என்று சிரித்தபடி, பேரனைக் கூப்பிட எழுந்து போனார்.