வளர்த்த கடாவும் இரத்தத்தின் பழியும்

‘வளர்த்த கடா மார்பிலே பாய்ந்தது’ என்று நம்மவர் சொல்வதுண்டு. தத்தெடுத்து வளர்த்த பிள்ளை பதினாறு, பதினேழு வயதில் போதைப்பொருளுக்கு ஆட்பட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டால் அயலவர் வாயில் முதலில் வருவது இப்பழமொழிதான். அடுத்து வருவது, ‘யார் பெற்ற பிள்ளையோ!’ என்ற பெருமூச்சு. முன்னது பிள்ளையைக் குற்றவாளி ஆக்குகிறது. பின்னது அவன் முகமறியாத ஒரு தாயைக் குற்றவாளி ஆக்குகிறது. பிறப்பை வைத்து மனிதனை எடைபோடும் சமுதாயத்தில் வாழும் நமக்கு இப்பெருமூச்சின் பொருள் நன்கு விளங்கும். ஆனால் இது நமக்கு மட்டும் உரிய நோயன்று. சமத்துவத்துக்குப் பேர்போன சுவீடன் நாட்டின் வரலாற்றிலும் இதனைக் காண்கிறோம். அவ்வரலாற்றை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தத்துப் பிள்ளைகளின் வாழ்வை அரசாங்கப் பதிவேடுகளின் துணைகொண்டு நெடுங்காலம் பின்தொடர்ந்து ஆராய்ந்த நாடு அது. அப்பிள்ளைகளுள் இலங்கைத் தாய்மார் பெற்றவர்களும் இருக்கின்றனர்.

1917ஆம் ஆண்டிலே சுவீடன் தனது முதலாவது மகவேற்புச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் தத்துப்போன பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையிலிருந்த தொடர்பை முற்றாக அறுத்துவிடவில்லை. சொத்துரிமை முதலிய சில இழைகள் எஞ்சியிருந்தன. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1922இல், உப்சாலா நகரில் அரசாங்கமே இனவுயிரியல் நிறுவனம் ஒன்றை அமைத்தது. மனிதரின் தலையை அளந்தும், வம்ச அட்டவணைகளைத் தீட்டியும் நல்ல இரத்தம் எது, கெட்ட இரத்தம் எது என்று பிரிக்க முற்பட்ட நிறுவனம் அது. இத்தகைய சிந்தனையின் நிழலிலே 1934இல் மலடாக்கும் சட்டம் வந்தது. 1975 வரை ஏறக்குறைய 63,000 பேர் மலடாக்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். இதே காலப்பகுதியில், 1959ஆம் ஆண்டிலேயே, புதிய மகவேற்புச் சட்டமும் பிறந்தது. தத்துப் பிள்ளை இனி வளர்த்தவர்களின் பிள்ளையே, பெற்றவர்களோடு அதற்குச் சட்டப்படி எவ்வித உறவும் இல்லை என்று அது விதித்தது. ஒரே அரசு ஒரு கையால் இரத்தத்தை அளந்தது. மறு கையால் இரத்த உறவை ஏட்டிலிருந்து அழித்தது. அழிந்தது ஏட்டிலே மட்டுந்தான்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சுவீடனில் தத்துக் கொடுக்கப்படும் குழந்தைகள் அருகிப்போயினர். மணமாகாத தாய்க்கு அரசின் உதவி கிடைத்தது. 1975 முதல் கருக்கலைப்பும் பெண்ணின் உரிமையாயிற்று. தன் நாட்டு ஏழைத் தாய் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வழிசெய்த அச்சமுதாயம், பிறநாட்டு ஏழைத் தாயின் பிள்ளையை நாடிச் சென்றது. இதனை அங்குள்ள தனிமனிதரின் கொடுமை என்று நாம் சொல்லவில்லை. பிள்ளையில்லாத வீட்டின் ஏக்கம் உண்மையானது. ஆனால் ஏக்கத்தோடு பணமும் சேர்ந்தபோது அங்கே ஒரு சந்தை உருவாயிற்று. கொரியா, இந்தியா, கொலம்பியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் சுமார் 60,000 குழந்தைகள் சுவீடன் போய்ச் சேர்ந்தனர்.

நம் நாட்டில் 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டம் இருந்தது; நீதிமன்றங்களும் இருந்தன. இருந்தும் எண்பதுகளிலே குழந்தைப் பண்ணைகள் இயங்கின. பெற்றவள் ஒருத்தி, வெளிநாட்டாரின் கையில் குழந்தையைக் கொடுக்கத் தாயாக நடித்தவள் இன்னொருத்தி. இந்த வாணிகம் நடந்தது உண்மையே என்று 2017இல் சுகாதார அமைச்சரே ஒப்புக்கொண்டார். வெளிநாட்டு மகவேற்பைக் கட்டுப்படுத்தும் சட்டத்திருத்தம் 1992இல்தான் வந்தது.

குழந்தையை ஏற்ற பெற்றோருக்கு அக்காலத்தில் சொல்லப்பட்ட அறிவுரை சுருக்கமானது: அன்பு காட்டுங்கள், அது போதும். பெற்ற பிள்ளைக்கும் தத்துப் பிள்ளைக்கும் வேற்றுமை பாராட்டாதிருப்பதே உயர்ந்த பண்பு எனக் கருதப்பட்டது. கேட்பதற்கு இனிய கருத்துத்தான். தானும் தத்துப் பிள்ளைகளின் தந்தையாக இருந்த கனேடிய சமூகவியலாளர் டேவிட் கேர்க், 1964இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்தார். வேற்றுமையை மறைக்கும் வீட்டைவிட, அதை ஒப்புக்கொண்டு பேசும் வீட்டிலேதான் பெற்றோரும் பிள்ளையும் நெருங்க முடியும் என்பது அவர் வாதம். இவ்விடத்தில் நமது தேசவழமை நினைவுக்கு வருகிறது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த அந்த வழக்குச் சட்டத்தின்படி, பிள்ளையை ஏற்பவர்கள் உறவினரின் சம்மதம் பெற்று, சாட்சிகளின் முன்னே மஞ்சள்நீர் அருந்த வேண்டும். அதன் உட்கிடை சொத்தேயன்றிப் பிள்ளைப் பாசமன்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அங்கே மறைவு இருக்கவில்லை. சுவீடனின் பிள்ளைக்கோ கண்ணாடியே உண்மையைச் சொல்லிற்று. வீடு மட்டும் பேசாதிருந்தது.

அப்பிள்ளைகள் வளர்ந்தபின் வெளிவந்த கணக்கு நாட்டைத் திடுக்கிடச் செய்தது. 1970க்கும் 1979க்கும் இடையில் பிறந்து, வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்கப்பட்ட 11,320 பேரைப் பற்றிய ஆய்வு 2002இல் ‘லான்செற்’ மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. போதைப்பொருளால் சீரழியும் வாய்ப்பு, சுவீடனில் பிறந்த ஏனையோரைவிட அவர்களிடையே ஐந்து மடங்காக இருந்தது. தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு மூன்றரை மடங்கு. ‘பார்த்தீர்களா, இரத்தம்!’ என்று சொல்ல இது போதும். ஆனால் அதே ஆய்வு வேறொன்றையும் காட்டிற்று. குடியேறியோரின் பிள்ளைகளையும் ஆய்வாளர் ஒப்பிட்டனர். இவர்கள் தம்மைப் பெற்றவர்களோடு வாழ்ந்தவர்கள். தற்கொலையிலும் மனநோயிலும் இவர்கள் தத்துப் பிள்ளைகளின் அளவுக்குத் துன்புறவில்லை. ஆனால் சமுதாயத்தோடு ஒட்டாது சீரழிவதில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர். அந்நியத் தோற்றத்தோடு தெருவில் நடப்பவனுக்கு நேர்வது என்ன என்பதை இரத்தத்தில் தேடுவானேன்?

2012இல் வேறொரு ஆய்வு, சுவீடனில் தத்துப்போன 18,115 பேரை எடுத்துக்கொண்டது. பெற்றவர்களுள் ஒருவரேனும் போதைப்பழக்கம் உடையவராயிருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேர் அப்பழக்கத்துக்கு ஆளாயினர், மற்றவர்களில் 4.2 பேர். பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றொருவர் அவ்வழியிற் செல்லவில்லையே! மேலும், வளர்ப்பு வீட்டிலே இரத்த உறவில்லாத சகோதரன் ஒருவன் போதைக்கு ஆட்பட்டிருந்தாலும் ஆபத்து ஏறக்குறைய அதே அளவு உயர்ந்தது. குழப்பம் மிகுந்த வீடு, பரம்பரை ஆபத்து உள்ள பிள்ளையையே கூடுதலாகத் தாக்கிற்று. அப்படியானால் அப்பிள்ளையைக் கைவிடுவதற்கா, கூடுதலாகக் காப்பதற்கா இது நியாயம்?

இனி, பதினாறு வயது மகனின் சட்டைப்பையில் எதையோ கண்டெடுத்த தாயை எண்ணிப் பார்ப்போம். அறுபதுகளில் ஸ்ரொக்ஹோமில் சில வைத்தியர்கள், போதைக்கு அடிமைப்பட்டோருக்கு மோர்பினையும் அம்பெற்றமினையும் சீட்டெழுதிக் கொடுத்துப் பார்த்தனர். பதினேழு வயதுப் பெண்ணொருத்தியின் சாவோடு 1967இல் அம்முயற்சி முடிந்தது. அதன்பின் நாட்டின் போக்குக் கடுமையாயிற்று. 1988இல் போதைப்பொருளை உட்கொள்வதே குற்றமாயிற்று. 1993 முதல், சந்தேகத்தின் பேரில் சிறுநீரையும் இரத்தத்தையும் பொலிசார் பரிசோதிப்பிக்கலாம். 1980ஆம் ஆண்டின் சட்டப்படி, பழக்கத்துக்கு ஆளான இளைஞனை அவன் விருப்பத்துக்கு மாறாகவும் வீட்டிலிருந்து எடுத்து நிலையத்தில் வைக்க முடிந்தது. ஆகவே அந்தத் தாய் உதவி கேட்டு அலுவலகத்தின் கதவைத் தட்டுவதும் மகனைக் காட்டிக்கொடுப்பதும் ஒன்றுபோலாயின. பெற்ற வீட்டிலே வளர்ந்தவனுக்கு அது வீட்டைவிட்டுப் போவது. ஒருமுறை கொடுக்கப்பட்டவனுக்கோ, இரண்டாம் முறையும் கொடுக்கப்படுவது. அவள் பேசாதிருந்தால் நஞ்சு வேலை செய்யும்; பேசினால், ‘நீயும் என்னைக் கொடுத்துவிட்டாயே’ என்ற கேள்வி நிற்கும். அன்பு போதும் என்றவர்கள் இக்கேள்விக்கு விடை எழுதிவைக்கவில்லை.

போதைக்கு ஆட்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் 1968இலேயே அங்கு ஒரு சங்கம் அமைத்திருந்தனர். கடுமையான சட்டங்களை அச்சங்கம் ஆதரித்தது. அதில் நாம் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் தனித்தனியே வெட்கிக் கதவடைத்திருந்தவர்கள் ஒன்றுகூடித் தம் துயரைப் பொதுப் பிரச்சினையாக்கியது சிறிய காரியமன்று.

2025 யூனில் சுவீடனின் அரசாங்க ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. எழுபதுகள் தொடங்கிப் பல பத்தாண்டுகளில் குழந்தைக் கடத்தல் நடந்துள்ளது. அந்நாடுகளுள் இலங்கையும் ஒன்று. வெளிநாட்டு மகவேற்பை நிறுத்த வேண்டும். அரசு மன்னிப்புக் கோர வேண்டும் என்று அது கூறிற்று. எண்பதுகளில் இங்கிருந்து போன குழந்தைகள் இன்று நாற்பதை நெருங்கியவர்கள் அல்லது கடந்தவர்கள். அவர்களிற் பலருக்குப் பிள்ளைகள் உண்டு. சிகிச்சைக்குச் செல்பவனிடம் வைத்தியர் வழக்கமாகக் கேட்பது, ‘உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் இப்பழக்கம் இருந்ததா?’ என்பதாகும். வளர்த்த தாய் பத்திரமாக வைத்திருந்த கொழும்புப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கிறான். அதிலே தாயின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அது பெற்றவளின் பெயர்தானா, அன்று அவனை ஏந்தி நின்று கூலி வாங்கிப் போனவளின் பெயரா என்பது அப்பத்திரத்தில் இல்லை.