காரணங்காட்டும் கடமை: ஐரோப்பியப் பொதுச் சந்தையின் தடையற்ற நகர்வுச் சட்டத்தைப் பயிலும் முறை

1957 மார்ச் 25 அன்று ஆறு நாடுகள் ரோம் நகரில் கையெழுத்திட்ட ஒப்பந்தம், பொருள், ஆள், சேவை, மூலதனம் ஆகிய நான்கும் உறுப்பு நாடுகளின் எல்லைகளைத் தடையின்றிக் கடக்கும் பொதுச் சந்தையொன்றை இலக்காகக் கொண்டது. இந்நான்கையும் தனித்தனி இயல்களாக்கி, ஒவ்வொன்றிலும் விதி, விலக்கு, தீர்ப்பு என்று அடுக்கிப் பயில்வது வழக்கம். தேர்வுக்கு அது உதவும். ஆனால், இச்சட்டம் அரை நூற்றாண்டில் ஏன் பல முறை திசை மாறியது என்பதற்கு அதில் விடை கிடைக்காது. எல்லையைக் கடக்க வருபவருக்கும் தடுக்கும் அரசுக்கும் இடையே காரணங்காட்டும் கடமை யாருடையது என்ற ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால்தான் இச்சட்டத்தின் ஊடுசரடு புலப்படும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒப்பந்தத்தின் வாசகம் சுருக்கமானது. இன்று 34ஆம் பிரிவாக உள்ள விதி, இறக்குமதியின் மீதான அளவுக் கட்டுப்பாடுகளையும் அவற்றுக்குச் ‘சமவிளைவுடைய நடவடிக்கைகளையும்’, அதாவது பெயரளவில் இறக்குமதித் தடையாக இல்லாமலே அதே பலனைத் தரும் விதிகளையும் விலக்குகிறது. பொது ஒழுங்கு, உடல்நலம் முதலிய காரணங்களுக்காக 36ஆம் பிரிவு விலக்களிக்கிறது. சமவிளைவு என்பது எதுவரை நீளும் என்பதை ஒப்பந்தம் வரையறுக்காததால், அப்பணி ஐரோப்பிய நீதிமன்றத்தின் கைக்கு வந்தது. பிரான்சில் முறையாக விற்பனையிலிருந்த ஸ்காட்ச் விஸ்கியை வாங்கி பெல்ஜியத்துக்குக் கொண்டுவந்த வணிகரிடம் பிரிட்டிஷ் அதிகாரிகளின் பிறப்பிடச் சான்றிதழ் கேட்கப்பட்ட தாசோன்வில் வழக்கில் (1974), ஐரோப்பியச் சமூகத்திற்குள் நடக்கும் வணிகத்தை நேரடியாகவோ மறைமுகமாகவோ, உண்மையிலோ வாய்ப்பளவிலோ தடுக்கக்கூடிய எல்லா வணிக விதிகளும் சமவிளைவுடையவை என்று நீதிமன்றம் கூறியது. இதனால் ஏறத்தாழ எந்த வணிக விதிக்கும் அரசு காரணங்காட்ட வேண்டிய நிலை உருவானது.

அக்காரணம் எப்படி எடைபோடப்படும் என்பதை 1979 பிப்ரவரி 20 அன்று வெளியான ‘காசிஸ் த டிஜோன்’ தீர்ப்பு காட்டியது. பிரான்சில் செய்யப்படும் காசிஸ் த டிஜோன் என்னும் பிளாக்கரன்ட் பழமதுவில் 15 முதல் 20 விழுக்காடு ஆல்கஹால் இருந்தது. ஜெர்மானியச் சட்டமோ பழமதுவில் குறைந்தது 25 விழுக்காடு வேண்டும் என்றது. ஜெர்மானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் விதி ஒன்றே என்பதால் வெளிப்படையான பாகுபாடு எதுவும் இல்லை. ஆல்கஹால் குறைந்த மது மக்களை எளிதில் குடிக்குப் பழக்கிவிடும் என்பது ஜெர்மானிய அரசு சொன்ன காரணங்களுள் ஒன்று. மிதமான மதுவகைகள் ஏற்கெனவே சந்தையில் நிறைந்திருப்பதையும், கடுமையான மதுவில் பெரும்பகுதியை மக்கள் கலந்தே குடிப்பதையும் சுட்டி நீதிமன்றம் அதை மறுத்தது. நுகர்வோர் ஏமாறாமலிருக்க ஆல்கஹால் அளவைச் சீட்டில் அச்சிட்டால் போதும் என்றும் கூறியது. நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டி நடவடிக்கை கடுமையாக இருக்கக்கூடாது என்னும் விகிதப் பொருத்தக் கோட்பாடு இங்கே தெளிவாக வேலை செய்கிறது. ஒரு நாட்டில் முறைப்படி செய்து விற்கப்படும் பொருளை, தக்க காரணமின்றி மற்றொரு நாடு மறுக்கலாகாது என்னும் பரஸ்பர ஏற்பும் இத்தீர்ப்பில் பிறந்ததே.

கடமை இவ்வளவு விரிந்தபோது, ஞாயிற்றுக்கிழமைக் கடையடைப்பு விதிகள்கூட நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டன. 1993இல் கெக் தீர்ப்பு, முந்தைய நிலைப்பாட்டிலிருந்து விலகுவதை வெளிப்படையாகச் சொல்லி, பொருளின் தன்மையைத் தொடாமல் அதை விற்கும் முறையை மட்டும் ஒழுங்குபடுத்தும் விதிகள், உள்நாட்டுப் பொருளையும் இறக்குமதியையும் சட்டத்திலும் நடைமுறையிலும் ஒன்றுபோலப் பாதித்தால், 34ஆம் பிரிவுக்குள் வாரா என்றது. அவ்விதிகளுக்கு அரசு காரணங்காட்டத் தேவையில்லை என்பதே இதன் பொருள். 2009இல் மோட்டார் சைக்கிளில் இழுவண்டி பூட்டுவதைத் தடுத்த இத்தாலிய விதி, சந்தைக்குள் நுழையும் வாய்ப்பையே அடைப்பதால் தடைதான் என்று நீதிமன்றம் கண்டது. ஆயினும் சாலைப் பாதுகாப்பு என்ற காரணத்தை ஏற்று அவ்விதியை நிலைநிறுத்தியது. காரணங்காட்டும் கடமை அரசின் தோல்வியை முன்கூட்டியே முடிவுசெய்துவிடுவதில்லை. அரசைப் பேச வைப்பதே அதன் பணி. தடையற்ற நகர்வுச் சட்டம் தேசியச் சட்டமன்றங்களின் அதிகாரத்தைப் பறிக்கிறது என்னும் பரவலான குற்றச்சாட்டு இந்த நுட்பத்தைத் தவறவிடுகிறது.

ஆட்களின் நகர்விலும் இதே சரடு ஓடுகிறது. வாரத்துக்கு 12 பாடங்கள் மட்டும் நடத்தி, போதாத வருமானத்துக்கு அரசு உதவியும் பெற்று நெதர்லாந்தில் வாழ்ந்த ஜெர்மானிய இசையாசிரியரைத் ‘தொழிலாளி’ என்றே 1986இல் நீதிமன்றம் ஏற்றது. அவர் செய்த வேலை உண்மையானதாக இருந்ததால், அவர் ஏழை என்பது அவருடைய உரிமையைக் குறைக்கவில்லை. ஆனால் வேலையிலோ வேலைதேடலிலோ இல்லாத குடிமக்களைப் பொறுத்தவரை, 2004ஆம் ஆண்டின் குடிமக்கள் நெறியாணை, மூன்று மாதங்களுக்கு மேல் தங்கப் போதிய வருவாயும் முழுமையான மருத்துவக் காப்பீடும் வேண்டும் என்கிறது. ஜெர்மனியில் வேலை தேடாமல் வாழ்ந்த ருமேனியப் பெண்ணொருவருக்கு உதவித்தொகை மறுக்கப்பட்டதை 2014 நவம்பரில் நீதிமன்றம் ஏற்றபோது, அந்நிபந்தனைகளை நிறைவேற்றாதவர் சமநடத்தை கோர முடியாது என்றது. காரணங்காட்டும் கடமை இங்கே அரசின் தோளிலிருந்து மனிதரின் தோளுக்கு மாறிவிட்டது.

இம்மாற்றத்தை நான்கு இயல்களாகப் பிரித்த பாடம் காட்டாது. பழமதுப் புட்டி ஒன்றுக்காக ஓர் அரசு விரிவாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்க, வறிய குடிமகளிடம் அவளே தன் இருப்புக்கு விளக்கம் சொல்லட்டும் என்று சட்டம் கேட்கும் நிலை, இரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது மட்டுமே கண்ணில் படுகிறது. மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் 1992இல் அறிவித்த ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை வெறும் பெயராகாமல் இருக்க வேண்டுமானால், பொருளுக்குக் கிடைத்த அந்தக் கவனமான விசாரணை மனிதருக்கும் கிடைத்தாக வேண்டும். இச்சட்டத்தைப் பயில்பவர் ஒவ்வொரு தீர்ப்பின் முன்னும் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி, யார் வென்றார் என்பதன்று; யார் விளக்கம் சொல்ல வைக்கப்பட்டார் என்பதே.