விமான மடல்களும் மறதியின் விலையும்

விமானத்தில் யன்னலோர ஆசனம் கிடைத்தவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருப்பார்கள். ஓடுபாதையை நோக்கி விமானம் ஊர்ந்து செல்லும்போது, இறக்கையின் பின்விளிம்பிலிருந்து சில தகடுகள் பின்னோக்கி நீண்டு, சற்றுக் கீழ்நோக்கி வளைந்து நிற்கும். தரையிறங்கும் வேளையில் அவை மேலும் விரிந்து, இறக்கையே பிளவுண்டது போலத் தோற்றமளிக்கும். விமானிகள் ‘பிளப்ஸ்’ என்று அழைக்கும் இவற்றை நாம் மடல்கள் எனலாம். இந்த மடல்களை விரிக்க மறந்ததால் மாத்திரம் நூற்றுக்கணக்கான உயிர்கள் பலியாகியுள்ளன என்பது பலர் அறியாத செய்தியாகும்.

மடல்கள் ஏன் தேவைப்படுகின்றன? விமானத்தைத் தாங்கும் தூக்குவிசை, வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப மாறுவது. மற்றவை மாறாதிருக்க, வேகம் பாதியாகக் குறைந்தால் தூக்குவிசை நான்கில் ஒன்றாகிவிடும். வேகம் மூன்றில் ஒன்றானால் அது ஒன்பதில் ஒன்றாகும். மணிக்கு 800 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் பறப்பதற்கென வடிவமைக்கப்பட்ட மெல்லிய இறக்கை, மணிக்கு 250 கிலோமீற்றர் வேகத்தில் அதே பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது. மூக்கை உயர்த்தி ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால் அதற்கும் எல்லையுண்டு. எல்லை கடந்தால் இறக்கையின் மேற்பரப்பில் ஒட்டிப் பாயும் காற்று பிரிந்து சிதறும். தூக்குவிசை சடுதியாகக் குலையும். விமானிகள் அஞ்சும் ‘ஸ்டோல்’ நிலை இதுவே.

மடல்கள் விரியும்போது இறக்கையின் வளைவு கூடுகிறது; பல விமானங்களில் பரப்பும் கூடுகிறது. ஆகவே குறைந்த வேகத்திலும் போதிய தூக்குவிசை கிடைக்கிறது. மேலெழும்போது அவற்றைச் சிறிதளவே விரிப்பர். ஏனெனில் அதிகம் விரித்தால் காற்றின் தடையும் கூடி, வேகம் பிடிப்பது தாமதமாகும். தரையிறங்கும்போதோ அந்தத் தடையே உதவியாகிறது. அதனாலேயே அப்போது முழுமையாக விரிக்கின்றனர்.

இந்த எண்ணம் மிகப் பழையது. 1917இல் பிரித்தானியாவின் பெயரி நிறுவனம் தயாரித்த ‘ஹம்பிள் பேபி’ என்னும் கடல் விமானத்திலேயே இறக்கையின் வளைவை மாற்றும் மடல்கள் இருந்தன. அதே முதலாம் உலகப் போரின் மறுபக்கத்தில், குஸ்டாவ் லக்மன் என்னும் இளம் ஜேர்மனிய அதிகாரி பறக்கப் பழகுகையில் ஸ்டோல் நிலைக்குள்ளாகி விழுந்து காயமடைந்தார். வைத்தியசாலைப் படுக்கையில் கிடந்தபடி அவர் சிந்தித்தார். இறக்கையில் ஓர் இடைவெளி விட்டால், கீழிருந்து பாயும் காற்று மேற்பரப்பின் சோர்ந்த காற்றுக்குப் புத்துயிர் அளிக்குமல்லவா? 1918இல் அவர் காப்புரிமை கோரியபோது ஜேர்மனியில் அது ஏற்கப்படவில்லை. பிரித்தானிய விமானத் தயாரிப்பாளர் பிரெடெரிக் ஹண்ட்லி பேஜ் தனியாக அதே முடிவுக்கு வந்து, அதை வானில் நிரூபித்த பின்னரே லக்மனின் கோரிக்கைக்கு உயிர் வந்தது. பகை நாடுகளைச் சேர்ந்த இவ்விருவரும் வழக்காடவில்லை, உடன்பாடு கண்டனர். 1929இல் லக்மன் ஹண்ட்லி பேஜ் நிறுவனத்திலேயே பணியில் அமர்ந்தார்.

அமெரிக்காவில் ஓர்வில் ரைட்டும் ஜேம்ஸ் ஜேக்கப்ஸும் 1920இல் பிளவு மடலை உருவாக்கினர். எனினும் அக்கால விமானங்கள் இலேசானவை, வேகம் குறைந்தவை. ஆதலால் மடலுக்கு அவசரத் தேவை இருக்கவில்லை. 1930களில் உலோக உடலும் ஒற்றை இறக்கையும் கொண்ட வேகமான விமானங்கள் வந்தபோதே அது இன்றியமையாததாயிற்று. ஹார்லன் பௌலர் என்ற பொறியியலாளர் வகுத்த, பின்னோக்கி வழுக்கிச் சென்று இறக்கையின் பரப்பையே பெருக்கும் மடல், 1937இல் பறந்த லொக்ஹீட் 14 பயணிகள் விமானத்தில் இடம்பெற்றது. 1963இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 727, மூவடுக்கு மடல்களின் துணையால் குறுகிய ஓடுபாதைகளிலும் இறங்கியது. பொறியியல் தன் பங்கைச் செவ்வனே செய்து முடித்தது.

எஞ்சியது மனிதனின் பங்கு. 1974 நவம்பர் 20ஆம் திகதி நைரோபியில் லுப்தான்சாவின் போயிங் 747 விமானம் எழுந்த சில கணங்களில் வீழ்ந்தது. பின்விளிம்பு மடல்கள் விரிந்திருந்தன. ஆனால் காற்றழுத்தத்தால் இயங்கும் முன்விளிம்பு மடல்கள் விரியவில்லை. 157 பேரில் 59 பேர் மாண்டனர். 747 ரக விமானம் சந்தித்த முதலாவது உயிர்ச்சேத விபத்து அது.

1987 ஓகஸ்ட் 16ஆம் திகதி மாலை, அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரிலிருந்து நோர்த்வெஸ்ட் நிறுவனத்தின் எம்டி-82 விமானம் புறப்பட்டது. சரிபார்ப்புப் பட்டியலின் ஒரு பகுதி வாசிக்கப்படவில்லை, மடல்கள் விரிக்கப்படவில்லை. அவ்வேளையில் ஒலித்திருக்க வேண்டிய எச்சரிக்கைக் கருவிக்கு மின்சாரமும் கிடைக்கவில்லை. தரையிலிருந்த இருவருடன் 156 பேர் பலியாயினர். விமானத்திலிருந்தோரில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியே உயிர் தப்பினாள். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் டலஸ் நகரில் டெல்ரா நிறுவனத்தின் போயிங் 727 இவ்வாறே வீழ்ந்து 14 பேர் இறந்தனர். அங்கும் எச்சரிக்கை ஒலி எழவில்லை.

டெட்ரோயிட் விபத்தின் பின்னர் தயாரிப்பாளரான மக்டொனல் டக்ளஸ், ஒவ்வொரு பறப்புக்கும் முன்னர் அந்த எச்சரிக்கைக் கருவியைப் பரிசோதிக்குமாறு விமான நிறுவனங்களுக்குப் பரிந்துரைத்தது. பரிசோதனை சில விநாடி வேலைதான். ஆனால் பரிந்துரை கட்டளை அன்று. ஆண்டுகள் ஓடின.

2008 ஓகஸ்ட் 20ஆம் திகதி மட்ரிட் நகரில் ஸ்பானெயார் நிறுவனத்தின் விமானமொன்று, வெப்பமானி ஒன்றின் கோளாறினால் ஓடுபாதை முனையிலிருந்து திரும்பி வந்தது. திருத்தத்தின் பின் தாமதத்துடன் மீண்டும் புறப்பட்டது. அதே எம்டி-82 ரகம், விரிக்கப்படாத மடல்கள், ஒலிக்காத எச்சரிக்கை. 172 பேரில் 154 பேர் உயிரிழந்தனர். அந்நிறுவனத்தின் நடைமுறையில், அக்கருவி அன்றைய முதற் பறப்புக்கு முன் பரிசோதிக்கப்பட்டதேயன்றி ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் அல்ல என்பது விசாரணையில் வெளிவந்தது.

மூன்று விபத்துகளிலும் விமானிகள் அனுபவம் மிக்கவர்களே. இடையூறும் அவசரமும் சேர்ந்தால், ஆயிரம் தடவை செய்த வேலையையும் எவரும் மறக்கக்கூடும். அதனாலேயே பட்டியலும் எச்சரிக்கை ஒலியும் ஏற்பட்டன. ஆனால் டெட்ரோயிட்டில் 156 உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற பாடம், 21 ஆண்டுகளின் பின் மட்ரிட்டின் விமானி அறையை எட்டவில்லை. ஒரு விமானி சில விநாடிகளில் மறந்ததைக் காட்டிலும், ஒரு துறையே இரு தசாப்தங்களாக மறந்திருந்தது பாரதூரமானதாகும். விபத்து அறிக்கைகள் நூலகத்தில் பேணப்படுவதற்காக எழுதப்படுபவை அல்ல. அவற்றிலுள்ள பரிந்துரைகள் கட்டளைகளாக மாறும் வரை, அவற்றுக்கு விலை கொடுத்தவர்களின் மரணம் பயனற்றதாகவே இருக்கும்.