தரங்கம்பாடியில் வேர்விட்ட திருச்சபை

சோழநாட்டுக் கடற்கரையில், அலைகள் பாடும் ஊர் எனப் பொருள்படும் பெயர் பெற்றது தரங்கம்பாடி. 1620ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரோடு டேனியர் செய்துகொண்ட உடன்படிக்கையால் அவ்வூர் அவர்களது வணிகத் துறைமுகமாயிற்று. டான்ஸ்பர்க் கோட்டையும் எழுந்தது. எண்பத்தாறு ஆண்டுகள் கழித்து, டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய செருமானிய இளைஞர் இருவர், சீகன்பால்கு, புளுட்சோ என்போர், 1706 சூலை 9ஆம் நாள் அங்கு வந்திறங்கினர். இன்று தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என வழங்கும் சபையின் வரலாறு அன்று தொடங்கியது. தென்னிந்தியத் திருச்சபையோடு ஒப்பிட இச்சபை சிறியதே. எனினும் எம்மொழியில் வழிபடுவது, யார் யாரோடு அமர்வது, தலைமை யாரிடம் இருப்பது என்னும் மூன்று வினாக்களுக்கு அது விடைகாண முயன்ற வரலாறு நீண்டது. தமிழ் ஆர்வலர் அறியத்தக்கது.

மொழி

அக்காலக் கடற்கரை வணிகத்தில் போர்த்துக்கீசியமே பொதுமொழியாக வழங்கிற்று. புளுட்சோ அதனைக் கற்க, சீகன்பால்கு தமிழைத் தேர்ந்தார். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதிப் பழகினார். 1707இல் எருசலேம் ஆலயம் எழுந்தது. சமயநூல்களோடு அவர் நிற்கவில்லை. சுவடிகளைத் திரட்டி, 1708இல் தமிழ் நூற்பட்டியல் ஒன்றை வகுத்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை அவ்வாண்டிலேயே செருமானியத்தில் பெயர்த்தார்.

தமிழெழுத்தில் அச்சு 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் தோன்றியிருப்பினும், பின்னாளில் தொடர்ச்சியற்றுப் போயிற்று. ஆலே நகரில் வார்க்கப்பட்ட தமிழெழுத்துகள் 1713இல் தரங்கம்பாடியை அடைந்தன. அவை பெரியனவாக இருந்து தாளை மிகுதியாக விழுங்கியமையால், சிறிய எழுத்துகள் உள்ளூரிலேயே வார்க்கப்பட்டன. பொறையாற்றில் தாள் ஆலையும் அமைந்தது. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. இந்திய மொழியொன்றில் அச்சேறிய முதற் புதிய ஏற்பாடு அதுவே.

ஆயினும் தமிழ்ச் சமயங்களை ஆராய்ந்து 1713இல் சீகன்பால்கு எழுதிய தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலை ஆலேயின் பிராங்கே ஏற்கவில்லை. அச்சமயங்களை வேரறுக்கச் சென்றவர் அவற்றைப் பரப்புவது தகாது என்பது அவர் கருத்து. அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறிற்று. சீகன்பால்கு 1719இல் முப்பத்தாறாம் அகவையில் மறைந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கடந்திருந்தது.

தரங்கம்பாடியாரின் தமிழ் நடையை வீரமாமுனிவர் கடுமையாக எள்ளினார். அவ்வெள்ளலில் சமயப் பகையும் உண்டு, உண்மையும் உண்டு. அக்குறையை நீக்க உழைத்தவர் பப்ரீசியஸ். அவருடைய விவிலிய மொழிபெயர்ப்பு லுத்தரன் ஆலயங்களில் நெடுங்காலம் வழங்கிற்று. 1779இல் வெளிவந்த அவரது தமிழ் ஆங்கில அகராதி, விரிவும் திருத்தமும் பெற்றுத் தரங்கம்பாடியில் பலமுறை பதிக்கப்பட்டது.

சாதி

மொழியில் முன்னேறிய சபை, இரண்டாம் வினாவில் தடுமாறிற்று. 1733 டிசம்பர் 28ஆம் நாள் ஆறுமுகம் என்னும் இயற்பெயர் கொண்ட ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டண்டு குருமாருள் அவரே முதல்வர். அவர் வேளாளர். அவர் காலத்திலேயே தஞ்சைப் படையில் பணியாற்றிய ராஜநாயக்கன் என்பார், அச்சிட்ட நற்செய்தி நூலைப் படித்து மனம் மாறி, ஊரூராகச் சென்று சபைகளை வளர்த்தார். அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்தவர். 1741இல் இரண்டாம் குருவாகத் தியோகு தேர்ந்தெடுக்கப்பட, ராஜநாயக்கன் உபதேசியாராகவே இருக்க நேர்ந்தது. அவர் கையால் திருவிருந்து பெற மேற்சாதியார் இசையார் என்பதே காரணம். புத்தகம் ஒருவரைத் தேடிச் சென்று அடைந்தது. அப்புத்தகத்தைத் தந்த சபையோ அவரைப் பலிபீடத்தின் அருகே வரவிடவில்லை.

பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர். கிறித்தவத் தமிழிசையில் அவர் பெற்ற இடத்தை வேறெவரும் எளிதில் பெற இயலாது. அப்பெரும்புலவரே, சபைக்குள் சாதி வேறுபாட்டை நீக்க முற்பட்ட புதிய மிஷனரிமாரை எதிர்த்து 1829இல் எழுதினார். கவிஞரைப் போற்றுவோர் இதனையும் மறைக்காமல் போற்ற வேண்டும். 1833இல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனே கைவிடுமாறு ஆணையிட்டார். அதனை ஏற்காத வேளாளக் கிறித்தவருள் பலர் பின்னர் லுத்தரன் சபையை நாடினர்.

அப்போது டேனிய மிஷன் நலிந்திருந்தது. 1845இல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. மிஷன் பணியைப் பின்னாளில் லைப்சிக் மிஷன் எனப் பெயர்பெற்ற செருமானியச் சங்கம் ஏற்றது. அதன் தலைவர் கார்ல் கிரவுல் தமிழ் பயின்று 1856இல் திருக்குறளைச் செருமானியத்தில் பெயர்த்தவர். சாதியை ஆணையால் அன்றிப் படிப்படியாகவே அகற்ற இயலும் என்பது அவர் கொள்கை. அதனை ஏற்காத ஓக்ஸ் என்னும் மிஷனரி 1850களின் இறுதியில் விலகிப் பட்டாம்பாக்கத்தில் தனிப்பணி தொடங்கினார். ஆற்காடு லுத்தரன் திருச்சபை அவ்வழி வந்தது. ஆக, இச்சபையின் வளர்ச்சியில் ஒரு பகுதி, சாதியைப் பொறுத்துக்கொண்டதால் வந்த வளர்ச்சி. எண்ணிக்கையை மட்டும் நோக்கும் வரலாறு இவ்வுண்மையைக் காணாது.

தலைமை

முதல் உலகப்போரின்போது செருமானிய மிஷனரிமார் காவலில் வைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டனர். சுவீடன் மிஷனார் பொறுப்பேற்றனர். ஊழியர் அகன்றதால், நெடுநாள் பேசப்பட்ட தன்னாட்சி விரைந்து வந்தது. 1919 சனவரி 14ஆம் நாள், பொங்கல் காலத்தில், தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சிச் சபையாக அமைந்தது. பெயரில் தமிழ் முன்னின்றது. ஆனால் 1921இல் தரங்கம்பாடிப் பேராயராகப் பொறுப்பேற்றவர் சுவீடனைச் சேர்ந்த ஹாய்மன். 1947இல் பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோதும் இது தனித்தே நின்றது. 1956இல், மிஷனின் இருநூற்றைம்பதாம் ஆண்டில், கடலூரிற் பிறந்த இராஜபூஷணம் மாணிக்கம் பேராயரானார். அப்பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே.

2006இல் முந்நூறாம் ஆண்டு கொண்டாடப்பெற்றது. இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின், சபையின் மொழி தமிழாக ஓராண்டு போதுமானதாயிற்று. அதன் தலைமை தமிழரிடம் வர இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. மூன்றாவதாகிய சமபந்தி எந்த ஆண்டில் நிறைவெய்தியது என்று எழுத எந்தக் கல்வெட்டும் நாட்டப்படவில்லை. 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தினுள் சீகன்பால்குவின் கல்லறை உள்ளது. அங்குச் செல்வோர் அவர் பெயரோடு ராஜநாயக்கனின் பெயரையும் நினைவுகூர்தல் தகும்.